பெயரை மாற்றிவிட்டால் போதுமா?

சேலத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. அவருடைய தந்தை ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். பின்னால் மலையிறங்கி, செவ்வாய்ப்பேட்டையில் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து கொலுசுப் பட்டறை வைத்து, கையில் இருந்ததையும் இழந்தவர். அந்தக் கதையை மகள் இப்போது நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறார். பழம் பறித்த கூலியாட்களின் எடையில் கைவைத்த தோட்ட மேலாளர் இறந்துவிட்டார். அவருடைய மகன் ஏற்காட்டில் விடுதி நடத்துகிறார். ஏமாற்றிய கூட்டாளி உயிரோடு இருக்கிறார். லயன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பில்) வளர்ந்த ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையும் கதையில் வருகிறது. நிஜப் பெயர்களைப் போடலாமா, மாற்றிவிட்டால் வம்பு தீருமா, முதல் பக்கத்தில் 'யாவும் கற்பனை' என்று அச்சடித்தால் போதாதா என்று கேட்கிறார்.

அம்மா, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். போதாது. அந்த வாசகம் உலகெங்கும் பரவியதற்கே ஒரு வழக்குதான் காரணம். ரஷ்யச் சாமியார் ரஸ்புதினைப் பற்றி ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனம் 1932-இல் எடுத்த படத்தில் ஓர் இளவரசி வருகிறாள். கதையில் அவளுக்கு வேறு பெயர். ஆனாலும் அது தன்னைத்தான் குறிக்கிறது என்று ரஷ்ய இளவரசி யூசுபோவ் லண்டனில் வழக்குப் போட்டு, 1934-இல் 25,000 பவுண்டு இழப்பீடு வாங்கினார். அதன் பிறகுதான் படக் கம்பெனிகள் 'யாரையும் குறிப்பன அல்ல' என்று ஓடி ஓடி எழுதத் தொடங்கின. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அங்கே பெயர் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தது என்பதே. படிக்கிறவர் இன்னார் என்று அடையாளம் கண்டுகொண்டால், முதல் பக்கத்து வாசகம் நீதிபதியின் மேசையில் பெரிதாக எடுபடாது. நம் ஊர் நீதிமன்றங்களிலும் இதுதான் நிலை.

இதை லண்டன் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அகத்திணைப் பாட்டில் தலைமக்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது நம்முடைய பழைய விதி. 'மக்கள் நுதலிய அகன் ஐந்திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்கிறது தொல்காப்பியம். நெடுநல்வாடையில் எந்த அரசனின் பெயரும் இல்லை. ஆனால் பாசறையில் ஒருவன் தாங்கி வரும் வேலில் வேப்பந்தார் கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனுக்கு உரியது. எனவே இது அகப்பாட்டு ஆகாது, புறம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் முடிவு கட்டினார். ஒரு மாலை போதுமாக இருந்தது, ஆளைக் காட்ட. நடிகர் நடிகையரைப் பற்றிய கிசுகிசு எழுதுகிறவர்களும் இதே நுட்பத்தைத்தான், இழிவான காரியத்துக்காக, பயன்படுத்துகிறார்கள். பெயர் இருக்காது, படித்தவர் அத்தனை பேருக்கும் ஆள் தெரியும்.

ஆகவே 'பெயர் போடலாமா' என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஆள் தெரிகிறதா, அவரைப் பற்றி என்ன சொல்கிறீர்கள், அதற்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதைக் கொண்டுதான் சட்டமும் பார்க்கும், ஊரும் பார்க்கும்.

ஓர் உதாரணம். நான் புனைந்தது, யாரையும் மனத்தில் வைத்து அல்ல. 'செவ்வாய்ப்பேட்டையில் மாரியம்மன் கோயிலுக்குப் பின் சந்தில், மாடியில் பட்டறை வைத்திருந்த, இடது கையில் ஒரு விரல் இல்லாத கண்ணையன், டச் குறைந்த வெள்ளியைக் கொடுத்து என் அப்பாவை ஏமாற்றினான்' என்று ஒரு வரி. (டச் என்பது வெள்ளியின் சுத்தத் தரம்.) எழுதியவர் பயந்துபோய்க் கண்ணையனைப் பொன்னையன் ஆக்குகிறார். என்ன மாறிவிட்டது? சந்து இருக்கிறது, மாடி இருக்கிறது, விரல் இல்லாமல் இருக்கிறது. கொலுசுத் தொழிலில் இருக்கிற எவரும் அடுத்த நிமிடமே ஆளைச் சொல்லிவிடுவார். பெயரைத் தவிர எல்லாவற்றையும் மாற்றி, கண்ணையனைக் கண்ணையனாகவே விட்டிருந்தாலாவது பாதி பிழைத்திருக்கலாம். அந்தப் பெயரில் மாவட்டம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். மறைக்க வேண்டுமென்றால் தொழில், ஊர், ஆண்டு, உடல் அடையாளம், குடும்ப அமைப்பு ஆகியவற்றில் பலவற்றைச் சேர்த்து மாற்ற வேண்டும். கொலுசுப் பட்டறையை அம்மாப்பேட்டைத் தறிக்கூடமாக மாற்றினால் ஏமாற்றிய விதமும் மாற வேண்டும். வெள்ளியில் டச் குறைப்பது போலப் பாவு நூலில் குறைக்க முடியாது. அங்கேதான் எழுத்தாளரின் வேலை தொடங்குகிறது. அதற்குச் சோம்பல்பட்டுப் பெயரை மட்டும் மாற்றுகிறவர்கள்தான் பெரும்பாலும் வக்கீல் நோட்டீஸ் வாங்குகிறார்கள்.

ஏற்காட்டில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். அது சின்ன மலை. தோட்டத்தின் பெயரையும் பத்தாண்டுக் காலத்தையும் சொன்னால் மேலாளர் யார் என்பது தானாகத் தெரிந்துவிடும். மேலாளரின் பெயரை மறைத்துவிட்டுத் தோட்டத்தின் பெயரை அப்படியே விடுவதில் பயனில்லை. கதையைக் கொல்லிமலைக்கு நகர்த்தலாம். அங்கும் காப்பியும் மிளகும் விளைகின்றன, மலையாளி மக்களும் இருக்கிறார்கள். ஆனால் அப்போது ஏரியும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் கதையிலிருந்து போய்விடும். அவற்றை இழக்க மனம் வராவிட்டால், ஏற்காட்டிலேயே இல்லாத ஒரு தோட்டத்தை உருவாக்குங்கள்.

பெயர் மாற்றும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இதைப் பலர் யோசிப்பதேயில்லை. நம் கதைகளில் வில்லனின் சாதி மெல்ல நகர்ந்துவிடும். நிஜத்தில் ஏமாற்றியவர் எழுதுகிறவரின் சொந்தச் சாதிக்காரராக இருப்பார். 'அடையாளம் தெரியாமல் இருக்கட்டும்' என்று அவருக்கு வேறொரு சாதியின் பட்டத்தைக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் செய்த குற்றம் சம்பந்தமே இல்லாத ஒரு தெருவின் மேல் போய் விழுகிறது. சட்டப்படி இது பெரும்பாலும் தப்பித்துவிடும், நியாயப்படி தப்பிக்காது. சாதி கதைக்குத் தேவையில்லை என்றால் பட்டம் இல்லாத பெயரை வையுங்கள். தேவை என்றால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இனிச் சட்டம். அவதூறு என்பது நம் நாட்டில் குற்றமும் ஆகும், உரிமையியல் தவறும் ஆகும். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று நாம் மனப்பாடம் செய்திருந்த பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவாக இருக்கின்றன. இரண்டாண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. அச்சிட்டவர், விற்றவர் ஆகியோருக்கும் அதே பிரிவில் இடம் வைத்திருக்கிறார்கள். அவதூறைக் குற்றமாக வைத்திருப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொல்லிவிட்டதால், அந்த விவாதம் இப்போதைக்கு முடிந்தது. போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகும் வழக்கு அல்ல இது; பாதிக்கப்பட்டவர் நேராக மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும். தண்டனை கிடைப்பது அரிது. வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றப் படியேறுவதுதான் நடைமுறையில் தண்டனை.

உங்கள் கூட்டாளி விஷயத்தில் நீங்கள் 'நடந்ததைத்தானே எழுதுகிறேன்' என்பீர்கள். இழப்பீடு கேட்கும் சிவில் வழக்கில் உண்மை என்பது முழுத் தற்காப்பு. குற்ற வழக்கில் அது மட்டும் போதாது. சொன்னது உண்மையாகவும் இருக்க வேண்டும், அதைச் சொல்வது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும் என்கிறது முதல் விதிவிலக்கு. ஒரு தனி மனிதர் உங்கள் தந்தையின் முதலீட்டை விழுங்கியதை இத்தனை ஆண்டு கழித்து ஊருக்குச் சொல்வதில் என்ன பொது நன்மை என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். பதில் சொல்வது கடினம். 'அப்பா சொன்னார்', 'ஊரில் பேசிக்கொள்கிறார்கள்', 'கூறப்படுகிறது' என்பவையும் கேடயம் ஆகமாட்டா. வதந்தியைத் திருப்பிச் சொன்னவரும் சொன்னவரே.

அதே நேரம், உங்கள் தந்தை அந்தக் காலத்தில் நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்ப்பு வாங்கியிருந்தால் கதையே வேறு. நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளதை மட்டும், கூட்டாளியின் உண்மைப் பெயரோடேயே எழுதலாம். இதற்கு வழிகாட்டும் தீர்ப்புக்கும் சேலத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது, அதிகாரிகளின் பெயர்கள் அதில் வருகின்றன என்று சிறைத்துறை மிரட்டிப் பார்த்தது. 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, படிப்பு போன்ற அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றி எழுதக் கூடாது. ஆனால் நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் உள்ளதை எழுதத் தடையில்லை. அரசு அதிகாரிகள் தம் கடமை தொடர்பான செயல்களுக்காக எளிதில் இழப்பீடு கேட்க முடியாது. வெளியிடும் முன்பே அரசு தடுக்கவும் முடியாது என்பவை அதன் சாரம். சங்கர் 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் பெயரோடு சேர்ந்து வந்த அந்தத் தீர்ப்பு இன்றும் தமிழில் எழுதுகிற ஒவ்வொருவருக்கும் நிழல் கொடுக்கிறது. விசித்திரமான கொடைதான்.

இறந்த மேலாளரைப் பற்றி. இறந்தவருக்காக யாரும் இழப்பீடு கேட்டு வெல்வது கடினம். ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவர் ஈட்டிய நற்பெயரும் அந்தரங்க உரிமையும் அவரோடு முடிந்துவிடுகின்றன, வாரிசுக்கு இறங்குவதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. ஆனால் குற்றப் பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது: உயிரோடு இருந்திருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கக் கூடிய குற்றச்சாட்டை, அவர் குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் எண்ணத்தோடு சொன்னால் அது அவதூறே. எண்ணம் என்பதை நடையே காட்டிக்கொடுத்துவிடும். தராசில் நடந்ததை விவரித்துவிட்டு நிறுத்திக்கொண்டால் ஒன்று. 'அந்தப் பாவப் பணத்தில்தான் இன்று ஏரிக்கரையில் விடுதி நிற்கிறது' என்று ஒரு வரி சேர்த்தால் இன்னொன்று. இரண்டாவது வரி இறந்தவரைப் பற்றியதே இல்லை. உயிரோடு இருக்கும் மகனைப் பற்றியது. அவர் எந்தத் தராசையும் தொடவில்லை. எழுதும்போது கை தானாக அந்த வரிக்குப் போகும், நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணின் விஷயத்தில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டும் எதையுமோ வெளியிடுவது நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவின்படி குற்றம். சிறார் என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவும் தனியாக இருக்கிறது. இறந்துவிட்டாலும் உறவினர் சம்மதத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெயரை வெளியிட முடியாது என்று 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 'எதையுமோ' என்ற சொல்லைப் பாருங்கள். சேர்வராயன் மலையில் ஊர்ப்பெயரையும் தகப்பன் வேலையையும் சொன்னால் முடிந்தது. அவர் உயிரோடு இருந்து, வயது வந்தவராக, தாமே எழுத்தில் சம்மதம் கொடுத்தால் சட்டம் வழிவிடுகிறது. அப்படிக் கேட்கப் போவதாக இருந்தால் நீங்களே போங்கள். ஊர்ப் பெரியவர் மூலமாகவோ மகன் மூலமாகவோ கேட்காதீர்கள். அவர்கள் தரும் சம்மதம் அவர்களுடையது. எழுதியதை அவருக்கு முழுக்கப் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால், அந்த அத்தியாயத்தில் அவர் இல்லை. நாவல் பலவீனமாகிவிடுமே என்பது நம் கவலை, அவருடையது அல்ல. சேலம் மாவட்டத்து மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர் என்பதால், அவர்களை இழிவுபடுத்தும் நோக்கில் எழுதினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும் என்பதையும் நினைவில் வையுங்கள். வில்லன் வாயில் வைக்கும் வசைக்கும் ஆசிரியரின் கூற்றுக்கும் வேறுபாடு பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

இத்தனை எச்சரிக்கையும் சொன்னபின், நேர் எதிரான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாப் பெயரையும் அழித்துவிடாதீர்கள். சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்று எல்லா நூலும் சொல்கிறது. அந்தச் செடிகளை நட்டவர்கள், காடு வெட்டியவர்கள், காய்ச்சலில் செத்தவர்கள் எல்லோரும் வெறும் 'கூலிகள்'. துரைக்கு முழுப்பெயர், வேலையாளுக்குத் தலைக்கணக்கு. உங்கள் தந்தையின் செக்ரோல் (ஆட்களின் வருகைப் பதிவு) புத்தகம் ஏதாவது மிஞ்சியிருந்தால் அதில் இருப்பவை பெயர்கள்தாம். பழம் பறிப்பதில் கெட்டிக்காரி என்று அவர் சொன்ன பெண், மழையில் சரிந்த பாதையைச் சீர் செய்த ஆள், இவர்களைப் பற்றி நல்லதையோ சாதாரணமானதையோ எழுத எந்தச் சட்டமும் தடையில்லை. பேரப்பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிஜப் பெயரையே போடுங்கள். அதே சேலம் சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களைப் பற்றி எழுதுகிறவர் பெயர்களை மறைத்தால் அதை நாகரிகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பொது மனிதர்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 1917-இலிருந்து 1919 வரை ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார் என்றோ, ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது என்றோ எழுத யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அவர்கள் வாயில் சொல்லாத வசனத்தை வைக்கும்போதுதான் யோசிக்க வேண்டும், ஏனென்றால் வாசகர்கள் அதை நம்பிவிடுவார்கள். அடுத்த தலைமுறைக்கு அதுவே மேற்கோள் ஆகிவிடும். வாழும் பிரபலத்தின் பெயரை வைத்துப் புத்தகத்தை விற்பது தனிச் சிக்கல். தம் பெயரைத் தலைப்பில் வைத்த இந்திப் படத்துக்கு எதிராக 2015-இல் ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். உங்களுக்கு அது தேவைப்படாது.

தற்செயலாகப் பொருந்திவிட்டால்? இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை கற்பனையாக 'ஆர்ட்டிமஸ் ஜோன்ஸ்' என்று ஒரு பாத்திரத்தை உருவாக்க, அதே பெயரில் இருந்த வக்கீல் வழக்குப் போட்டு 1,750 பவுண்டு வாங்கினார். நம் பக்கம் அவ்வளவு கொடுமை இல்லை. திருநெல்வேலியிலிருந்து இலங்கைக்கு ஊதுபத்தியோடு போதைப்பொருள் கடத்தியவர் பிடிபட்டதாக ஒரு தமிழ் நாளிதழ் செய்தி போட, அதே ஊரில் அதே வியாபாரம் செய்த வேறொருவர் வழக்குத் தொடுத்தார். அவர் இருப்பதே தெரியாமல் நல்லெண்ணத்தோடு வெளியிட்டதற்குப் பொறுப்பில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. இருந்தாலும் நீங்கள் உருவாக்கும் தோட்டத்தின் பெயரில் உண்மையில் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

இனி நடைமுறை. சம்மதம் வாங்குகிறவர்களிடம், எந்தப் பக்கங்களைப் படித்தார்கள் என்பதைக் குறித்துத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்; 'என்னைப் பற்றி எழுத ஆட்சேபம் இல்லை' என்ற பொத்தாம்பொதுவான வரியால் பின்னால் பயன் இல்லை. தந்தையின் கணக்கு நோட்டு, கூட்டுப் பத்திரம், கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். பதிப்பகத்தார் தரும் ஒப்பந்தத்தில் 'இந்நூலால் எழும் எல்லா வழக்குச் செலவும் ஆசிரியரையே சேரும்' என்ற வாக்கியம் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும். அதை அப்படியே ஏற்காதீர்கள், பாதிப் பொறுப்பையாவது அவர்கள் தலையில் வையுங்கள். சிவில் வழக்குக்குக் காலவரம்பு வெளியான நாளிலிருந்து ஓராண்டு, குற்ற வழக்குக்கு மூன்றாண்டு. மேலாளரின் மகனிடம் அச்சுக்கு முன்பே அந்த அத்தியாயத்தைக் காட்டுவது நல்லது என்பது என் கட்சி. அவர் அனுமதி தேவையில்லை, ஆனால் அவர் சொல்லும் மறுப்பில் உங்களுக்குத் தெரியாத ஏதாவது இருக்கலாம். கூட்டாளியிடம் காட்ட வேண்டாம். அவரை அடையாளம் தெரியாதபடி மாற்றிவிடுங்கள், அல்லது தீர்ப்பு நகலோடு நிஜப் பெயரில் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஆபத்து.

எல்லாம் மீறி நோட்டீஸ் வந்தால், அனுப்பியவருக்குத் தொலைபேசியில் பேசி விளக்கம் சொல்லாதீர்கள், கோபத்தில் அதைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். பெரும்பாலும் பதினைந்து நாள் கெடு கொடுத்திருப்பார்கள். அதற்குள் ஒரு வக்கீல் மூலம் எழுத்தில் பதில் போக வேண்டும். கையெழுத்துப் பிரதியையும் பழைய வடிவங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். எதை ஏன் மாற்றினீர்கள் என்பதற்கு அவைதாம் சாட்சி.